காலுக்கு எத்தனை மணி?

தென்காசிக் கடைத்தெருவில் ஒரு மாலை நேரம். கடையத்திலிருந்து வந்த ஒரு தாயும் அவருடைய எட்டு வயது மகளும் சலங்கை வாங்க நின்றிருந்தார்கள். பிள்ளை பரதநாட்டிய வகுப்பில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

"இதுல எத்தன மணி அண்ணாச்சி?"

"ஒரு காலுக்கு அம்பதும்மா. நூறு வச்சதும் இருக்கு. வளர்ற பிள்ளதான, பெருசாவே எடுத்துட்டுப் போங்க. நாளைக்கு அரங்கேத்தத்துக்கும் ஆவும்லா."

சிறுமி நூறு மணிச் சலங்கையை ஒரு கையால் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. இரண்டு கையாலும் அள்ளிக் காதருகே கொண்டுபோய் ஒரு குலுக்குக் குலுக்கினாள். 'ஜல்' என்றது. முகமெல்லாம் சிரிப்பு. தாய் மட்டும் யோசனையோடு கேட்டார்: "மணி கூடுனா சத்தமும் கூடத்தான செய்யும்?"

கடைக்காரர் ஆமாம் என்று தலையாட்டிவிட்டார். நாமும் அப்படித்தான் சொல்லியிருப்போம். ஆனால் காதும் காலும் வேறு வேறு கணக்குப் போடுகின்றன. அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் எந்தச் சலங்கை பிள்ளைக்கு ஆகும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

பிரேக் போட்ட பேருந்து

கடையத்திலிருந்து தென்காசிக்குப் பேருந்தில் நின்றுகொண்டே போகிறீர்கள். மத்தளம்பாறை நிறுத்தத்தில் ஓட்டுநர் சட்டென்று பிரேக் போடுகிறார். பேருந்து நின்றுவிடுகிறது, நீங்கள் நிற்கவில்லை. முன்னால் இருப்பவர் முதுகில் போய் மோதுகிறீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் பொருள் ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும். இந்தக் குணத்துக்கு அறிவியலில் 'நிலைமம்' என்று பெயர்.

சலங்கை மணி அந்தப் பேருந்துதான். உருண்டையான வெற்றுக்கூடு, அடியில் ஒரு கீறல், உள்ளே ஒரு சின்ன இரும்புக் குண்டு. பாதம் இறங்கும்போது கூடும் குண்டும் சேர்ந்தே இறங்குகின்றன. பாதம் தரையில் பட்டு நிற்கிறது. கூடும் நிற்கிறது. குண்டு நிற்காமல் போய்க் கூட்டின் சுவரில் மோதுகிறது. அந்த மோதலில்தான் ஓசை பிறக்கிறது. ஆகவே சலங்கை நன்றாக ஒலிக்க, காலை வேகமாக வீசுவது மட்டும் போதாது. சுத்தமாக நிறுத்தவும் தெரிய வேண்டும். இழுத்து வைக்கிற காலில் எவ்வளவு விலையுயர்ந்த சலங்கையைக் கட்டினாலும் 'சலசல' என்றுதான் கேட்கும். தட்டி நிறுத்துகிற காலில் சாதாரணச் சலங்கையும் 'ஜல்' என்று பேசும்.

கீறலுக்கும் வேலை உண்டு. முழுதும் மூடிய உருண்டை விறைப்பாக இருக்கும், எளிதில் அதிராது. கீறல் விழுந்த உருண்டைக்கு இரண்டு உதடுகள் கிடைக்கின்றன. அவை விலகிச் சேர்ந்து அதிர்கின்றன. உள்ளே பிறந்த ஓசை வெளியே வரவும் அதுவே வழி.

உள்ளே மோதுவது எது என்பதும் ஓசையை மாற்றும். சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் சிலம்பில் இருந்தவை மாணிக்கப் பரல்கள், பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்தவை முத்துப் பரல்கள். உடைத்துப் பார்த்துத்தான் உண்மை தெரிந்தது. மாணிக்கம் முத்தைவிட மிகக் கடினமானது. கடினமான பரல் மோதினால் ஓசை கூர்மையாகவும், மென்மையான பரல் மோதினால் மழுங்கலாகவும் இருக்கும். பழகிய காது அருகில் இருந்திருந்தால் குலுக்கிப் பார்த்தே சந்தேகப்பட்டிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வெண்கலமும் பித்தளையும்

ஒரே அளவில் இரண்டு மணி. ஒன்று கணீரென்கிறது, மற்றது தகர டப்பாவில் கல்லைப் போட்ட மாதிரி இருக்கிறது. வித்தியாசம் உலோகத்தில்.

செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. கோயில் மணிக்கு உருக்கும் வெண்கலத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு செம்பு, ஒரு பங்கு வெள்ளீயம். வெள்ளீயம் சேர்ந்ததும் செம்பு கடினமாகிறது. அதிர்வை உள்ளுக்குள்ளேயே விழுங்கி வெப்பமாக்கிவிடும் குணம் அதில் குறைவு. அதனால்தான் ஓசை ஓங்கி எழுகிறது. பித்தளையில் அந்த ஓசை கொஞ்சம் குறைவு. ஆனால் தடித்த வார்ப்புப் பித்தளை மணி மோசமில்லை. மெல்லிய தகட்டை அழுத்தி ஒட்டிய மணிதான் ஏமாற்றும். எடையும் விலையும் குறைவு, ஓசையும் அப்படியே.

கடையில் சோதிப்பது எளிது. ஒரு மணியின் வளையத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டுத் தட்டுங்கள். உடலைக் கையால் தொட்டால் அதிர்வு செத்துவிடும். விரிசல் விட்ட மணி கரகரக்கும். இப்படி நாலைந்து மணியையாவது தனித்தனியாகத் தட்டிப் பார்க்க வேண்டும். மொத்தமாகக் குலுக்கிப் பார்த்தால் நல்ல மணிகளின் கூட்டத்தில் கெட்ட மணி ஒளிந்துகொள்ளும்.

மகுடத்தை மீறி எப்படிக் கேட்கிறது?

எங்கள் பக்கத்துச் சுடலைமாடன் கோயில் கொடைகளில் கணியான் கூத்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வந்திருக்கும். அண்ணாவி கதை பாடுவார். மகுடம் என்ற தோற்கருவிகள் இரண்டு முழங்கும். ஒன்று உச்சம், ஒன்று மந்தம். இடையிடையே தீயில் காட்டித் தோலை விறைப்பாக்கிக்கொள்வார்கள். பெண் வேடமிட்ட இரண்டு கலைஞர்கள் சலங்கை கட்டிக்கொண்டு முன்னும் பின்னுமாக ஆடுவார்கள். இத்தனை முழக்கத்துக்கு நடுவிலும் அவர்கள் காலடி ஒவ்வொன்றும் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். மகுடத்தின் தோல் எவ்வளவு பெரியது, மணி எவ்வளவு சிறியது!

சிறியதாக இருப்பதுதான் காரணம். பெரிய தோல் மெதுவாக அதிர்ந்து தணிந்த ஒலி தரும். சின்ன, விறைப்பான மணி நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிர்ந்து கீச்சென்ற உயர்ந்த ஒலி தரும். மனிதக் காது எல்லா ஒலியையும் ஒரே மாதிரி கேட்பதில்லை. நொடிக்கு 2,000 முதல் 5,000 அதிர்வு வரையுள்ள ஒலிக்குத்தான் அது மிகவும் கூர்மையாகத் திறந்திருக்கிறது. சலங்கை ஒலியின் பெரும்பகுதி அந்தப் பக்கம் விழுகிறது. மகுடம் ஒரு பாதையில் வருகிறது, சலங்கை வேறு பாதையில் வருகிறது, ஒன்றையொன்று மறிப்பதில்லை.

சலங்கை கேட்பதற்குக் காரணம் மணிகளின் எண்ணிக்கை அல்ல, அவற்றின் சுருதி. இதைத் தாய்மார்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு பங்கு மணி, இரண்டு பங்கு சத்தமா?

கரண்ட் போன இரவு. இருட்டான அறையில் ஒரு அகல் விளக்கு ஏற்றுகிறீர்கள். அறையே மாறிவிடுகிறது. இரண்டாவது விளக்கு ஏற்றினால் கொஞ்சம் வெளிச்சம் கூடுகிறது. ஐம்பது விளக்கு எரியும் கார்த்திகைத் திண்ணையில் ஐம்பத்தோராவது விளக்கை யார் கவனிப்பார்கள்?

காதும் அப்படித்தான். ஒலியைக் கூட்டல் கணக்கில் அது எடுத்துக்கொள்வதில்லை, மடங்குக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. 25 மணி இருந்த இடத்தில் 50 மணி வைத்தால் வெளிவரும் ஒலி ஆற்றல் இரண்டு மடங்கு. டெசிபல் கணக்கில் அது வெறும் 3 கூடுதல். காதுக்கு 'கொஞ்சம் கூடியிருக்கிறதோ' என்று தோன்றும், அவ்வளவுதான். கேட்பவருக்குச் சத்தம் இரண்டு பங்காகத் தோன்ற வேண்டுமென்றால் ஒலி ஆற்றல் ஏறத்தாழ பத்து மடங்கு வேண்டும். அதாவது 25 மணிக்குப் பதில் 250 மணி.

நிஜத்தில் அவ்வளவுகூடக் கிடைக்காது. தோல் பட்டையில் நெருக்கமாகத் தைத்த மணிகள் ஒன்றோடொன்று உரசி, ஒன்றின் அதிர்வை மற்றது அமுக்கிவிடும். இடைவெளி விட்டுக் கோத்த 25 மணி, நெருக்கித் தைத்த 40 மணியைவிடத் தெளிவாகக் கேட்பதுண்டு.

மணி கூடினால் வரும் இன்னொரு தொல்லையைக் கற்பவரைப் பொறுத்தவரை நான் பெரிதாக நினைக்கிறேன். எல்லாக் குண்டுகளும் ஒரே கணத்தில் மோதுவதில்லை. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். மணிகள் பெருகப் பெருக ஓசையின் தொடக்கம் கலங்கிவிடும். தேர்ந்த நர்த்தகி அதை அழகாக மாற்றிக்கொள்வார். இப்போதுதான் தட்டடவு என்னும் முதல் காலடிப் பாடம் பழகும் பிள்ளைக்கு அது திரை. கால் தாளத்துக்கு முன்னால் விழுந்ததா, பின்னால் விழுந்ததா என்று அவளுக்கும் தெரியாது, தட்டுக்கழியோடு உட்கார்ந்திருக்கும் ஆசிரியருக்கும் தெரியாது.

குற்றாலத்தை அடுத்த மேலகரத்துக் கவிஞர் திரிகூடராசப்பக் கவிராயர் எழுதியது குற்றாலக் குறவஞ்சி. ருக்மிணி தேவி அதை 1944இல் கலாக்ஷேத்திராவில் நாட்டிய நாடகமாக அமைத்தார். அதில் நாயகி வசந்தவல்லி பந்தாடும் காட்சி போன்ற விரைவான இடங்களில் ஒவ்வொரு அடியும் தனித்துக் கேட்டால்தான் சுவை. அந்தத் தெளிவு வெறும் பாதத்தில் முதலில் வர வேண்டும், மணி பிறகு வர வேண்டும். நம் ஆசிரியர்கள் அடவுகள் படிந்த பிறகே சலங்கைப் பூஜை செய்து மணியைக் காலில் ஏற்றுவதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கிறது.

தலையில் குடம், காலில் மணி

காதின் கணக்கு முடிந்தது. இனி காலின் கணக்கு. இங்கே சலுகை கிடையாது. மணி இரண்டு பங்கானால் எடையும் சரியாக இரண்டு பங்கு.

அந்த எடை இருக்கும் இடம் இன்னும் மோசம். ராமநதிப் பக்கம் தலையில் தண்ணீர்க் குடம் வைத்து நடந்துபோகிறவர்களைப் பாருங்கள். குடம் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில் மிதந்து போகும். கால் அப்படியல்ல. ஒவ்வொரு அடிக்கும் நிற்கிறது, கிளம்புகிறது, பாய்கிறது, மறுபடி நிற்கிறது. காலில் கட்டிய எடையையும் ஒவ்வொரு அடிக்கும் புதிதாகக் கிளப்பி, புதிதாக நிறுத்த வேண்டும்.

1969இல் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சோல், கோல்ட்மன் என்ற இருவர் இதை அளந்தார்கள். உடம்பின் சொந்த எடையில் ஒரு கிலோவைச் சுமந்து நடக்க ஆகும் செலவை 1 என்று வைத்தால், தலையில் சுமக்கும் ஒரு கிலோவுக்கு 1.2 ஆனது. கைகளில் சுமந்தால் 2க்குச் சற்றுக் குறைவு. காலில் கட்டினால் 4 முதல் 6 வரை. நடை வேகமாக ஆக, காலின் மடங்கு இன்னும் ஏறியது.

அவர்கள் அளந்தது நடை. நாட்டியத்தில் வேகம் மூன்று காலங்களாக ஏறுகிறது. முதல் காலத்தில் நொடிக்கு ஒரு தட்டு என்றால் இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. ஒரு பொருளை இரண்டு மடங்கு வேகத்தில் வீச நான்கு மடங்கு ஆற்றல் வேண்டும். மூன்றாம் காலத்தில் பிள்ளைகள் காலைத் தூக்கும் உயரம் தானாகக் குறைந்துவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி அது. ஆனால் முழங்கால் மடக்கி நிற்கும் அரைமண்டி நிமிர்வதும், இடுப்பு ஆடுவதும், கால் இழுபடுவதும் சேர்ந்தே வந்தால் அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். எடை கூடிப்போனதன் அடையாளமாகவும் அது இருக்கலாம்.

எட்டு வயதுக் கணக்கு

கடையத்துச் சிறுமியையே எடுத்துக்கொள்வோம். எடை 22 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மணி ஒன்று 8 கிராம். பட்டையின் எடையை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

ஒரு காலுக்கு 100 மணி என்றால் 800 கிராம், 50 என்றால் 400, 25 என்றால் 200.

இந்த எண்களுக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணை வையுங்கள். கரண்டைக்குக் கீழே உள்ள பாதத்தின் எடை, உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்குக்குள்தான் இருக்கும். 22 கிலோப் பிள்ளைக்கு ஒரு பாதம் அதிகம் போனால் 440 கிராம். ஐம்பது மணிச் சலங்கை கட்டுவது, கரண்டையில் இன்னொரு பாதத்தைக் கட்டித் தொங்கவிடுவதற்குச் சமம். நூறு மணி என்றால் இரண்டு பாதங்கள்!

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். பள்ளிப் பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது 2020ஆம் ஆண்டின் தேசியப் பள்ளிப் பைக் கொள்கை. நம் சிறுமிக்கு அது 2.2 கிலோ. காலில் உள்ள எடைக்கு ஐந்து மடங்கு என்று நடுவாக வைத்துக் கணக்குப் போடுங்கள். இரண்டு காலிலும் 25 மணி, மொத்தம் 400 கிராம். ஐந்தால் பெருக்கினால் 2 கிலோ. பைக்குள்ள வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. 50 மணி கட்டினால் 4 கிலோ. 100 கட்டினால் 8 கிலோ, அவள் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். மடங்கு கிடைத்தது நடந்த பெரியவர்களிடம், இவளோ ஆடும் பிள்ளை. ஆகவே இது துல்லியமான கணக்கு அல்ல, கைமதிப்பு. ஆனால் கைமதிப்பிலேயே இவ்வளவு தூரம் விலகினால் முடிவு எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

வளரும் பிள்ளையின் எலும்பு முனைகளில் குருத்தெலும்பால் ஆன ஒரு மெல்லிய அடுக்கு உண்டு. எலும்பு நீள்வது அங்கேதான். அதை 'வளர்தட்டு' என்று சொல்லலாம். கரண்டைக்குப் பக்கத்தில் இருக்கும் வளர்தட்டு பெண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 14 வயதிலும் பையன்களுக்கு 16 வயதை ஒட்டியும் முழு எலும்பாகிறது. அதுவரை அது சுற்றியுள்ள எலும்பைவிட இளசு. வகுப்பு முடிந்து வந்த பிள்ளை குதிகாலோ கரண்டையோ வலிக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னால் தைலம் தடவித் தூங்கவைத்துவிடாதீர்கள். மணியை இறக்கிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

தளர்ந்த பட்டை இரண்டு முறை பேசும்

கடல் கடந்த நாடுகளில் நம் சலங்கைக்கு ஒரு தூரத்து உறவு உண்டு. டேப் நடனம். அயர்லாந்து நாட்டுக் காலாட்டமும், அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்களின் காலாட்டமும் கலந்து பிறந்த கலை. ஷூவின் அடியில் விரல் பக்கம் ஒரு உலோகத் தகடு, குதிகால் பக்கம் ஒரு தகடு. பலகைத் தரையில் தட்டினால் கால் மத்தளம் வாசிக்கும். அங்கேயும் பெற்றோர் செய்யும் பெரிய தவறு இதே தவறுதான்: வளர்ற பிள்ளை என்று ஒரு அளவு பெரிதாக ஷூ வாங்குவது. பெரிய ஷூவில் குதிகால் நழுவும். கால் ஒரு நேரத்தில் தட்டும், ஷூ இன்னொரு நேரத்தில் தட்டும்.

சலங்கையிலும் அப்படியே. பட்டை தளர்ந்திருந்தால் கால் நின்ற பிறகும் பட்டை கீழே வழுக்கி, கரண்டை மொழியில் இடித்து நிற்கும். ஒரு தட்டுக்கு இரண்டு ஓசை. பிள்ளை தாளம் தப்புகிறாள் என்று ஆசிரியர் நினைப்பார், தப்பியது பட்டை. இறுக்கிக் கட்டினாலோ ரத்த ஓட்டம் தடைபட்டுக் கால் மரத்துப்போகும். கரண்டை மொழிக்குச் சற்று மேலே, பட்டைக்கும் காலுக்கும் இடையில் ஒரு விரல் மட்டும் நுழையும் அளவில் கட்டுவது சரி. உள்பக்கம் துணி வைத்துத் தைத்ததா என்று தடவிப் பாருங்கள். மணியின் வளையம் குத்தும் பட்டை ஒரே வாரத்தில் தோலைக் கிழித்துவிடும்.

கால் வளரும் என்பது உண்மைதான். அதற்கு நீளமான வாரும் இரண்டு மூன்று துளைகளும் உள்ள பட்டை போதும். மணியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். கயிற்றில் கோத்த சலங்கை என்றால் இன்னும் வசதி, ஆண்டுக்குப் பத்து மணி சேர்த்துக் கட்டிக்கொண்டே போகலாம்.

சாரல் காலத்தில்

குற்றாலத்தில் சாரல் இறங்கும் ஆனி, ஆடி மாதங்களில் கடையம் பக்கம் வீட்டுக்குள்ளேயே ஈரம் நிற்கும். தோல் பட்டை ஈரத்தைக் குடித்து எடை கூடும், பூஞ்சை பிடிக்கும். செம்பு கலந்த மணியில் பச்சைக் களிம்பு ஏறும். களிம்பும் அழுக்கும் கீறலை அடைத்தால் ஓசை மந்தமாகிவிடும். புளியிலுள்ள அமிலம் களிம்பைக் கரைக்கும் என்பது பாத்திரம் தேய்க்கிற எல்லாருக்கும் தெரியும். ஆனால் பட்டையில் தைத்த மணியைப் புளித் தண்ணீரில் ஊறப்போட்டால் தோல் கெட்டுவிடும். புளி தொட்ட துணியால் மணியை மட்டும் துடைத்து, ஈரத்துணியால் மறுபடி துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். பருத்தித் துணிப்பை நல்லது.

அந்தத் தாய்க்கு நான் சொல்லியிருக்கக்கூடியது இதுதான். முதல் ஆண்டு மணியே வேண்டாம், வெறும் பாதம் தாளம் படிக்கட்டும். ஆசிரியர் கட்டலாம் என்று சொன்ன பிறகு காலுக்கு இருபது, இருபத்தைந்து நல்ல வார்ப்பு மணி. பிள்ளையையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கட்டிவிட்டு நாலு தட்டுத் தட்டச் சொல்லுங்கள். விலை கேட்பதற்கு முன்னால், கடைக்காரரிடம் அந்தச் சலங்கையைத் தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.